பட்டறை வேண்டாம், வியாழக்கிழமை போதும்

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் எனக்கு இப்படி ஒரு அழைப்பு வரும். கொழும்பிலிருந்து வரும், லண்டனிலிருந்து வரும், ரொறன்ரோவிலிருந்து வரும். "ரீச்சர், எங்கட ஊர்ப் பிள்ளைகளின்ர மனநலத்துக்கு ஏதாவது செய்ய வேணும். ஒரு நூறு பிள்ளைகளைச் சேர்த்துத் தாங்கோ, ஒருநாள் பட்டறை வைப்பம். சாப்பாடு, ரீசேட், பனர் எல்லாம் எங்கட பொறுப்பு."

கேட்பவர்களின் மனம் நல்ல மனம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இப்போதெல்லாம் "வேண்டாம்" என்றுதான் சொல்கிறேன். போனில் இரண்டு நிமிடத்தில் அதைச் சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது. ஆகவே ஆறுதலாக இங்கே எழுதிவைக்கிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இந்தப் பதிவை அனுப்பிவிடலாம்.

நான் திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். வழிகாட்டல், ஆலோசனைப் பொறுப்பும் என் தலையில்தான். அதற்கென்று ஓர் அறை இருக்கிறது, பாதி அறையில் விளையாட்டுச் சாமான். கரப்பந்து வலைக்கும் இல்ல விளையாட்டுப் போட்டிக் கொடிகளுக்கும் நடுவில் இரண்டு கதிரை. வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் நான் அங்கே இருப்பேன். பிள்ளைகளுக்கு அது தெரியும். என்னிடம் இருக்கிற ஒரே வளம் அதுதான்.

அலை கீறவா, வீடு கீறவா?

2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கரையெல்லாம் அடிபட்டுக் கிடந்தது. பாடசாலைகள் முகாம்களாயின. நாங்கள் சில பேர் ஒரு முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனோம். தை மாதம் பிறந்ததும் வாகனம் வாகனமாக அமைப்புகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் வர்ணப் பென்சில் பெட்டியோடு வந்தது. பிள்ளைகளை வட்டமாக இருத்தி, மனதில் உள்ளதை வரையச் சொல்வார்கள். பிறகு படங்களை ஏந்திப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுப்பார்கள்.

ஒருநாள் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் நீலப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான்: "அக்கா, அலை கீறவா, வீடு கீறவா? நேற்று வந்தவை அலைதான் கேட்டவை."

வந்தவர்களுக்கு என்ன படம் வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அவனுக்கு என்ன வேண்டும் என்பதை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். தன் வகுப்பு எப்போது தொடங்கும் என்று தெரிய வேண்டும் என்றான். அவனுடைய வகுப்பறையில்தான் அப்போது நாலு குடும்பங்கள் குடியிருந்தன.

ஐ.நா. அமைப்புகளும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் அவசரகால உளநல, உளசமூக உதவிக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. அதில் ஒரு முக்கோணம் உண்டு. அடித்தளம் முழுக்கச் சாப்பாடு, தண்ணீர், பாதுகாப்பு. அதற்கு மேல் குடும்பத்தையும் ஊரையும் மீண்டும் சேர்ப்பது, பாடசாலையைத் திறப்பது. அதற்கும் மேலேதான் பயிற்றப்பட்டவர்களின் உதவி வருகிறது, உச்சியில் சின்ன இடத்தில் மனநல வைத்தியர். பேரிடர் நடந்த கையோடு எல்லாரையும் ஒரே ஒருமுறை இருத்தி நடந்ததைச் சொல்ல வைக்காதீர்கள் என்றும் அந்த வழிகாட்டி நேராகவே சொல்கிறது. அந்தப் பொடியன் கேட்டது முக்கோணத்தின் கீழ்ப் பகுதியை.

ஆய்வுகள் சொல்வது

எங்கள் மண்ணிலேயே செய்த மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளைக் கிளவுடியா கத்தானியும் அவரோடு சேர்ந்தவர்களும் பேட்டி கண்டார்கள். முடிவுகள் 2008இல் வெளிவந்தன. போரும் சுனாமியும் பிள்ளைகளை வாட்டியது தெரிந்த விஷயம். அவை இரண்டோடும் சேர்த்து வீட்டுக்குள் நடக்கும் அடி உதையும் பிள்ளையின் மனவடுவைக் கூட்டுவதாக அவர்கள் கண்டார்கள். தகப்பனின் குடி அந்த அடி உதையோடு பின்னிக் கிடந்தது.

2010இல் காயத்திரி பெர்னாண்டோவும் கென்னத் மில்லரும் இன்னொருவரும் இலங்கை இளைஞர்கள் 427 பேரைப் பற்றி எழுதினார்கள். பேரழிவின் பாதிப்பை மட்டும் பார்த்தால் போதாது, வறுமை, வீட்டுச் சண்டை, அன்றாட நெருக்கடி இவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிள்ளையின் நிலை விளங்கும் என்பது அதன் சாரம்.

மூன்றாவதுதான் பட்டறைக்காரர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது. வடக்கில் 399 பிள்ளைகளை எடுத்து, ஒரு பகுதியினருக்குப் பாடசாலையில் 15 அமர்வுகள் கொண்ட ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவு சமாதானம் தருவதாக இல்லை. மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக ஆண் பிள்ளைகளுக்கு, சில விஷயங்களில் பலன் இருந்தது. பெண் பிள்ளைகளிலோ, திட்டத்தில் சேராதவர்களின் மனவடு அறிகுறிகள்தான் கூடுதலாகக் குறைந்திருந்தன. 15 அமர்வுக்கே இந்தக் கதி என்றால், காலை ஒன்பதுக்குத் தொடங்கிச் சோற்றுப் பார்சலோடு முடிகிற ஒருநாளை வைத்து என்ன செய்ய?

இன்றைய பிள்ளைகள் யார்?

வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் மனதில் வைத்திருப்பது போர்க்காலப் பிள்ளையை. என்னிடம் தரம் 10இல் இருப்பவர்கள் 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஷெல் சத்தம் அவர்கள் காதில் விழுந்ததில்லை. விழுந்தது எங்கள் காதில், அவர்களைப் பெற்றவர்களின் காதில்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இங்கே திருகோணமலையில் காந்தி சிலைக்குப் பக்கத்துக் கடற்கரையில் இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் இருபது வயதை ஒட்டியவர்கள். அந்த வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த 13 பேரும் 2019இல் சாட்சியம் போதாதென்று விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006இல்தான் மாவிலாறு சண்டை தொடங்கிச் சம்பூர், மூதூர், ஈச்சிலம்பற்று சனம் இடம்பெயர்ந்தது. சம்பூர் மக்களுக்குத் தங்கள் காணியில் காலடி வைக்கப் பத்து வருடம் எடுத்தது.

இப்போது அதே கடற்கரையில் பின்னேரத்தில் கச்சான் கடையும் பட்டமும் சனமுமாக இருக்கிறது. ஏழு மணி ஆனதும் என் வயதுத் தாய் தகப்பன்மார் போனைத் தூக்கிவிடுவார்கள். "எங்க நிக்கிறாய்? உடன வா." ஏன் என்று பிள்ளை கேட்டால் பதில் வராது, ஏச்சுத்தான் வரும். பிள்ளைக்கு விளங்குவது ஒன்றுதான், அம்மா அப்பாவுக்கு என்னில் நம்பிக்கை இல்லை. பயம் கைமாறிவிட்டது, கதை கைமாறவில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவருவதும் இதைப் பற்றித்தான். போர் தனியாளை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது.

ஆகவே பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்வது இதுதான். கதையைச் சொல்லுங்கள். பயப்படுத்த வேண்டாம், இரத்தம் வேண்டாம். "எனக்கு உன்ர வயசில இப்பிடி நடந்தது, அதால எனக்கு இருட்டினாப் பயம்" என்று ஒருதரம் சொன்னால் போதும். சொன்னவர்கள் வீட்டில் சண்டை குறைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை வயிற்றுவலி

ஒரு பையனின் கதை. ஆளைத் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை என்றால் அவனுக்கு வயிற்றுவலி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அம்மம்மா பத்திரகாளி அம்மன் கோவிலில் நூல் கட்டினா. வலி நிற்கவில்லை. வகுப்பாசிரியர், "கள்ளம், வீட்டுவேலை செய்யாமல் வாறான்" என்றார்.

வியாழக்கிழமைகளில் அவன் என் அறைக்கு வரத் தொடங்கினான். கதைக்க இல்லை, பந்துகளுக்குக் காற்றடிக்க. நானும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் காற்றடிப்பான், நான் கொப்பி திருத்துவேன். சில கிழமைகள் அப்படியே போயின. பிறகு ஒருநாள், பம்பைப் பார்த்தபடியே சொன்னான். அம்மா குவைத்தில் வீட்டு வேலை. ஞாயிறு இரவுதான் அவவுக்குப் போன் கிடைக்கும். வீடியோவில் வந்து அழுவா. "நீ படிச்சு முன்னுக்கு வந்தாத்தான் ராசா நான் வரலாம்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவா.

அம்மா வீட்டுக்கு வருவதும் வராததும் இவன் கணக்குப் புள்ளியில் தொங்குகிறது. திங்கள் காலை வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

அவனிடம் கேட்டுக்கொண்டு அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "எனக்கு அவனோட வேற என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்ல ரீச்சர். போகேக்க அவனுக்கு ஏழு வயசு." நாங்கள் ஒரு வழி பண்ணினோம். ஞாயிறுகளில் படிப்புப் பேச்சே இல்லை. அவ அந்த வீட்டில் அன்று என்ன சமைத்தா என்று சொல்ல வேண்டும், இவன் அந்தக் கிழமை மக்கெய்சர் மைதானத்தில் நடந்த பந்தாட்டத்தைச் சொல்ல வேண்டும். வயிற்றுவலி ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் திங்கட்கிழமைகளில் அவன் வரவு இடாப்பில் இருக்கிறான்.

இந்த மாவட்டத்தில் இப்படி எத்தனையோ வீடுகள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாடு போக 2013இல் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2022இல் பொருளாதாரம் சரிந்ததும் அதைத் தளர்த்தியது. அந்த ஒரு வருடத்தில் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாட்டிலிருந்து வேலைக்குப் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அடுப்பெரிய வேண்டுமே. ஆனால் விட்டுப்போன பிள்ளையோடு எப்படிக் கதைப்பது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பரீட்சையும் பிரம்பும்

தரம் 5 புலமைப்பரிசில் பற்றி எழுதப்போனால் தனிப் பதிவு வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு விடிய ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன், ஞாயிறு மாதிரி வினாத்தாள். பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேலே போனவர்களின் படம் மதிலில் தொங்கும். இரண்டு புள்ளியில் தவறவிட்ட பிள்ளை தினமும் அந்த மதிலைக் கடந்துதான் வகுப்புக்கு வரவேண்டும். ஏ.எல். என்றால் இசட் புள்ளி. எங்கள் மாவட்டம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று, அதற்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி ஒதுக்கீடும் உண்டு. அந்த ஒதுக்கீட்டைச் சொல்லியே, "கொழும்பெண்டா விடலாம், இஞ்சையிருந்தும் கிடைக்கேல்லயெண்டா?" என்று பிள்ளையைக் குத்துகிற வீடுகளும் உண்டு.

அடியும் நின்றபாடில்லை. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று 2005இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர் கன்னத்தில் அடித்துச் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனுக்கு நட்டஈடு கொடுக்கும்படி 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் ஆசிரியர் அறையில், "நாங்க அடி வாங்கித்தானே ஆளானம்" என்கிற வசனத்தை வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். அப்போதெல்லாம் கத்தானியின் ஆய்வைச் சொல்வேன். அடுத்த கிழமையும் அதே வசனம் வரும், நானும் அதையே சொல்வேன்.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

எதுவுமே பலன் தராதா என்று கேட்பீர்கள். தரும், காலம் கொடுத்தால்.

1996இல், போர் உச்சத்தில் இருந்தபோது, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைக் குருவும் உளவளத்துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அதற்குப் பின்னால் இருந்தார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி வருவார்கள். மண் பிசைவது, படம் கீறுவது, கதை கட்டுவது, நாடகம் போடுவது, மிருகங்களோடு விளையாடுவது. நடந்ததைச் சொல் என்று யாரும் நெருக்குவதில்லை. கூட நிற்பவர்கள் அதே ஊர் இளைஞர்கள். முக்கியமான சங்கதி, அதே பிள்ளைகள் கிழமைக்கொரு நாள் என்று மாதக்கணக்காக வந்தார்கள். கூட நின்றவர்களின் முகங்களும் மாறவில்லை.

திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் இருக்கிறோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் காண்பது பஸ்ஸிலும் மைதானத்திலும்தான். மட்டக்களப்பில் ஷெல் விழுந்த காலத்தில் செய்தது இங்கே இப்போது ஏன் முடியாது?

வெற்று வாங்கில்

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டும் வேலை நடந்ததால் சனம் அந்தப் பாதையில்தான் கடந்துகொண்டிருந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே போனார்கள். அந்தக் கிழமை எங்கள் வகுப்புகளிலும் பிள்ளைகள் அதைத்தான் கேட்டார்கள்.

இப்படியான நேரத்தில் பெரியவர்கள் பேச்சை மாற்றுகிறோம். "அதைப் பற்றிக் கதைக்காத, படி." பிள்ளை கேட்பதை நிறுத்தும், நினைப்பதை நிறுத்தாது. கேட்ட கேள்விக்கு உண்மையாக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். செத்ததைச் செத்தது என்றே சொல்லுங்கள், நித்திரை என்று சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் அது நித்திரை கொள்ளப் பயப்படும். செத்த பிள்ளையின் வாங்கிலை வகுப்பிலிருந்து அவசரப்பட்டு அகற்ற வேண்டாம், என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேளுங்கள். அழாத பிள்ளையை அழ வைக்கவும் வேண்டாம்.

எப்போது கதவைத் தட்டுவது?

காது கொடுத்தால் மட்டும் போதாத நேரங்களும் உண்டு. நித்திரையும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் குழம்பினால், கூட்டாளிகளை முற்றாக விட்டால், விருப்பமான சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம். நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாமெண்டு நினைக்கிறியா மகன்?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். அப்படி ஊட்டுவதில்லை. பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு பாரம்தான் இறங்கும்.

கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து வயல்வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. கடும் நஞ்சான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டாமல் வைத்தாலே உயிர் தப்பும் என்பதற்கு உலகமே காட்டுகிற உதாரணம் நாங்கள். மருந்துப் போத்தலைப் பூட்டி வையுங்கள், திறப்பை ஒரு பெரியவர் வைத்திருக்கட்டும்.

தட்ட வேண்டிய கதவுகள் இவை. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகத் தெரிந்தால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. "அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போறியளோ?" என்று சொந்தக்காரர் நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும். காய்ச்சலுக்குக் கிளினிக் போகும்போது யாரிடமும் அனுமதி கேட்பதில்லையே.

சரி, காசை என்ன செய்வது?

உதவ நினைப்பவர்களுக்கு என் பதில். ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு தாய் பிள்ளையோடு நகரத்துக் கிளினிக்குக்கு வந்துபோனால் ஒருநாள் கூலி போய்விடுகிறது. அந்தப் பயணச் செலவைக் கொடுங்கள். பாடசாலை ஆலோசனை அறைக்கு ஒரு தடுப்புச் சுவரும் உள்ளிருந்து சாத்தக்கூடிய ஒரு கதவும் போட்டுக்கொடுங்கள். வெளியில் கேட்கும் என்றால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. ஏகாம்பரம் மைதானத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளை விளையாட்டுக்கு எடுக்கும் இளைஞர்களில் இரண்டு பேருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை என்பது எனக்கு முன்னமே அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் தாய்மாருக்கு, பிள்ளையோடு கதைப்பது எப்படி என்று சின்னச் சின்னக் குரல்செய்திகளைத் தமிழில் தயாரியுங்கள். அதற்கு என் குரலை இலவசமாகத் தருகிறேன்.

இவற்றில் எதையும் மேடையில் வைத்துப் படம் எடுக்க முடியாது. ஒன்றுக்கும் பனர் தேவையில்லை, ரீசேட்டும் தேவையில்லை. எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். இரண்டு வருடத்துக்காவது நின்று செய்கிறவர்கள் என்றால் வாருங்கள், அதிபரிடம் நானே கூட்டிப்போகிறேன். ஒருநாளைக்கு என்றால், பிள்ளைகளை அன்றைக்கு விளையாட விடுவோம்.